பன்னிரண்டு வயதுக்கு ஒரு பேனர்

(அரியலூரில் மகளிர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெண்களின் சடங்குகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மாசமாக இருந்தால் வளைகாப்பு, ஆடி பதினெட்டுக்குத் திருமழபாடியில் கொள்ளிடக் கரையில் மஞ்சள் கயிறு, ஆடி வெள்ளிக்குக் கூழ் என்று அது பெரிய காடு. எல்லாவற்றையும் தொட்டால் ஒன்றும் தேறாது. பிள்ளை வயசுக்கு வந்தால் நாம் செய்கிற மஞ்சள் நீராட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கல்யாணத்துக்கு அடுத்தபடியாகக் கடன் வாங்கிச் செய்கிற காரியம் அதுதான்.

முகூர்த்த நாளில் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள். சிமென்ட் லாரிகளுக்கு நடுவே சாலையோரம் பேனர் நிற்கும். நடுவில் அந்தப் பிள்ளை. பின்னால் ஒரு அருவி, இரண்டு மயில். மேலே கட்சித் தலைவர்கள். இரண்டு பக்கமும் கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்கள், அவர்களுடைய நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள். பெற்ற தாயின் படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை அது. திங்கட்கிழமை அதே சாலை வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகும். கூடப் படிக்கிற பையன்கள் பேனரைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் வந்திருப்பார்கள்.

ஒரு பிள்ளைக்கு முதல் தூரம் வந்த செய்தியை, வழியில் போகிற வெளியூர் லாரி டிரைவருக்கும் சேர்த்து, பத்தடிக்கு எட்டடியில் அச்சடித்து அறிவிக்கிறோம். அதே பிள்ளை அடுத்த மாதம் மருந்துக்கடைக்குப் போய் நாப்கின் கேட்டால், கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுப்பார். விழாவுக்கு இல்லாத வெட்கம் நாப்கினுக்கு எங்கிருந்து வந்தது? இதை யோசிக்கப் போய்த்தான் இந்தப் பேச்சே உருவானது.

பேனர் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2019 செப்டம்பர் 12. சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணப் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன சுபஸ்ரீ என்ற 23 வயதுப் பெண் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்தார். அப்போது முக்கியக் கட்சிகள் இனி பேனர் வைக்க மாட்டோம் என்றன. நம் ஊர்த் தாய்மாமன்கள் எந்தக் கட்சியிலும் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்தச் சடங்கில் பிள்ளையைத் தொடுகிற பகுதி ஒன்று, பிள்ளையைக் காட்டுகிற பகுதி ஒன்று. தொடுவது பெண்களின் வேலையாக இருந்தது. அது சுருங்கிக்கொண்டே போகிறது. காட்டுவது கடைக்காரர்களின் வேலையாகி, பெருத்துக்கொண்டே போகிறது.

தொடுவதென்றால் என்ன? இங்கே இருக்கிற அப்பாயிகளும் அம்மாயிகளும் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்; நான் கேட்டதைச் சொல்கிறேன். செய்தி தெரிந்ததும் அத்தை முறை உள்ளவர்கள் வந்துவிடுவார்கள். கொல்லையில் மணை போட்டுப் பிள்ளையை உட்காரவைத்து, உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்து அரக்கித் தேய்ப்பார்கள். எண்ணெய் காது மடலுக்குப் பின்னால், கழுத்துக் குழிக்கு, முழங்கால் மடிப்புக்கு, கால் விரலிடுக்குக்கு எல்லாம் போகும். பிறகு நலங்கு மாவு. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், காயவைத்த ஆவாரம்பூ எல்லாம் சேர்த்து இடித்தது. ஆவாரம்பூவுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? தண்ணியில்லாத வரப்பிலெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பறிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். மாவைப் பூசித் தேய்த்து, ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர்களும் நனைந்துவிடுவார்கள்.

அப்புறம் உளுந்தங்களி. தோல் நீக்காத கறுப்பு உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிளறி, உருண்டை நடுவே கட்டைவிரலால் ஒரு குழி போட்டு, அதில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். பிள்ளை முகம் சுளிக்கும். 'முழுங்குடி, இடுப்பெலும்பு கெட்டியாகும்' என்று அத்தை அதட்டுவார். நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து வாயில் ஊற்றுவதும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை. ஒரு வாரக் களியால் இரத்தசோகை தீராது. ஆனால் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு முதலில் சோறு போட்ட நாள்கள் என்று அவள் வாழ்க்கையில் சில நாள்கள் இருந்தன.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது ஒன்று உண்டு. அந்தக் கொல்லையில் கண்ணாடி கிடையாது. ஆனால் பிள்ளையைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நனைந்த புடவையோடு நிற்பார்கள். ஒருத்தி கறுப்பு, ஒருத்தி மாநிறம். ஒருத்திக்கு மூன்று பிள்ளை பெற்றுத் தொங்கிய வயிறு, அதில் வெள்ளை வெள்ளையாக வரி. பருத்தி எடுத்து எடுத்துக் கீறல் விழுந்த கை ஒருத்திக்கு. வெங்காயம் அரிந்து நகக்கணு கறுத்தவள் ஒருத்தி. முன்பல் விழுந்த கிழவி ஒருத்தி, எல்லோரையும்விடப் பச்சையாகக் கேலி பேசுகிறவள். இதெல்லாம்தான் பொம்பளை உடம்பு, நாளைக்கு உன் உடம்பும் இப்படித்தான் ஆகும், ஆனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அந்தப் பிள்ளை தெரிந்துகொண்டது. இன்றைக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பார்க்கிற பெண்ணுடம்பு எது? செல்போனில் ஃபில்டர் போட்ட ஒரே உடம்பு, ஒரே நிறம், ஒரே இடுப்பு.

உடனே 'பார்த்தீர்களா, அந்தக் காலமே அந்தக் காலம்' என்று யாரும் கைதட்டிவிட வேண்டாம். அந்தக் காலத்துக்குப் போக நான் தயாராக இல்லை. நீங்களும் தயாராக இருக்க மாட்டீர்கள்.

அதே சடங்கில்தான் பிள்ளையை ஓலைக் குச்சுக்குள் ஒதுக்கி வைத்தோம். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டை பக்கத்தில் அணைக்காடு என்ற ஊரில், வயசுக்கு வந்த ஒரு சிறுமியை வீட்டுக்குள் சேர்க்காமல் பக்கத்துக் குடிசையில் படுக்கவைத்திருந்தார்கள். இரவில் தென்னை மரம் முறிந்து குடிசைமேல் விழுந்தது. பிள்ளை செத்துப்போனது. கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். நமக்கு அந்நியப்பட்ட ஊரில்லை. அவளைக் கொன்றதில் புயலுக்குப் பாதிப் பங்குதான். மதுரை மாவட்டம் கூவலபுரத்தில் தூரமான பெண்கள் தங்கவென்றே ஊருக்கு வெளியே 'முட்டுத்துறை' என்று ஒரு வீடு இருக்கிறது. நாம் அவ்வளவு மோசமில்லை என்று சொல்லிக்கொள்வதற்கு முன்னால், அந்த மூன்று நாளில் நம் வீட்டில் எந்த அறைக்குள் யார் போகக் கூடாது என்பதை யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பிள்ளையின் தீட்டுத்துணியை வெளுத்தது யார் என்றும் கேட்க வேண்டும். ஒரு சாதிப் பெண் கொல்லைப்புறமாக வந்து அதை எடுத்துப்போக வேண்டும். மாற்றுத்துணி கொண்டுவர வேண்டும். கடைசியில் அவளுக்குக் கிடைப்பது தூர நின்று வாங்கிக்கொள்கிற படி அரிசி. தண்ணீர் ஊற்றுகிற வரிசையில் அவளுக்கு இடமில்லை. புருஷனை இழந்தவளுக்கும் இடமில்லை. பெற்ற தாயாகவே இருந்தாலும், தாலி இல்லையென்றால் தன் மகள் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற முடியாமல் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறாள். சுயமரியாதை இயக்கத்தார் இந்தச் சடங்கே வேண்டாம் என்றபோது அவர்கள் கண்முன் இருந்தவை இவையெல்லாம். பெண் தயார், மாப்பிள்ளை வரலாம் என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்புத்தானே இது என்று கேட்டார்கள். கேள்வி சரியானது.

சரி, தீட்டு போய்விட்டதா? குச்சு பெரும்பாலும் போய்விட்டது. அந்த இடத்துக்கு மண்டபம் வந்துவிட்டது.

அண்மையில் ஒரு மண்டபத்தில் பார்த்தேன். காலை ஆறு மணிக்கே மேக்கப் செய்கிற பெண் வந்துவிட்டார். பிள்ளைக்கு நல்ல கறுப்பு, களையான முகம். முகத்துக்கும் கழுத்துக்கும் நாலு சுற்று மாவு ஏற்றினார். கை விட்டுப்போயிற்று. முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். அதை மறைக்கத்தான் முழங்கை வரை வளையலும் மருதாணியும். வாடகைக் கவரிங் செட், ஒட்டியாணம், சவுரி வைத்துப் பின்னிய பூஜடை. ஜடையின் கனத்தில் கழுத்து பின்னால் இழுத்தது. ஊசி குத்திய புடவை கலைந்துவிடும் என்று காலையிலிருந்து சாப்பாடு கிடையாது. பழச்சாறு மட்டும், அதுவும் உதட்டுச்சாயம் அழியாமலிருக்க உறிஞ்சுகுழல் வைத்து. பிற்பகல் மூன்று மணி வரை பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பத்துப் பேர் வந்து தொட்டார்கள் என்றால், போட்டோவுக்காகத் தொட்டார்கள். 'இன்னொரு தடவை சந்தனம் வைங்க, ஃபிரேம் சரியில்ல' என்று போட்டோகிராபர் சொல்ல, ஒரு பெரியம்மா மூன்று முறை சந்தனம் வைத்தார். சின்னப் பிள்ளைக்கு எழுந்து பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. வயசுக்கு வந்ததற்குத்தான் விழா. நாப்கின் மாற்ற நேரம் கொடுக்கத்தான் ஆளில்லை.

வந்திருந்தவர்கள் எல்லோரும் பிள்ளையின் அம்மாவிடம் சொன்னது ஒரே வார்த்தை: 'அடையாளமே தெரியலடி!' அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

அம்பை எழுதிய 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்ற சிறுகதையை மாணவிகள் தேடிப் படியுங்கள். கறுப்பாக இருக்கிற ஒரு சிறுமி, அம்மா ஊரில் இல்லாதபோது வயசுக்கு வருகிறாள். அதுவரை மகளின் உடம்பைக் கொண்டாடிய அதே அம்மா, நிறத்தால் தட்டிப்போன ஒரு சம்பந்தத்தின் கசப்போடு திரும்பி வந்து, ஒரே ஒரு வாக்கியத்தில் அவளைக் குத்திவிடுகிறாள். கொலை என்று அம்பை சொன்னது அதைத்தான். கதையில் அதற்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. இப்போது வாய் திறக்கவே வேண்டாம். ஒரு டப்பா கிரீம் போதும்.

அந்த டப்பாக்களில் பேர்பெற்றது 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'. சிவப்பானால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைக்கும் என்று நாற்பத்தைந்து ஆண்டு விளம்பரம் செய்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு எதிராகக் கறுப்பின மக்கள் தெருவுக்கு வந்த 2020இல், பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டார்கள். பெயரில் நிறம் போயிற்று, டப்பா அதே அலமாரியில் இருக்கிறது. அதுவாவது தெரிந்த கம்பெனி. தெரியாத கம்பெனிகள் இன்னும் ஆபத்து. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், முகவரி ஒழுங்காக இல்லாத சிவப்பழகு கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். காரணம் பாதரசம். தோலில் நிறமி உண்டாவதைப் பாதரசம் தடுக்கும், முகம் வெளுக்கும், அதே பாதரசம் தோல் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் போய் உட்காரும். 'மேக்கப் பேக்கேஜ்' பேசும்போது அந்த டப்பாவின் அடியில் தயாரித்தவர் முகவரி இருக்கிறதா என்றாவது திருப்பிப் பாருங்கள்.

இத்தனைக்கும் நாம் கும்பிடுகிற சாமி என்ன நிறம்? பெரம்பலூரிலிருந்து திருச்சி போகிற சாலையில் சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் தரிசனம் தருவாள். மற்ற நாள்களில் மலைக்குச் செல்லியம்மனோடு இருக்கப் போய்விடுவாள் என்பது ஐதீகம். வாரத்தில் ஐந்து நாள் தோழி வீட்டுக்குப் போகிற சுதந்திரம் உள்ள ஒரே பெண் நம் பக்கத்தில் அவள்தான். காளி, கறுத்தவள். அவளுக்கு மாவிளக்கு போட, பெண்கள் அங்கேயே அரிசியை ஊறவைத்து இடிக்கிறார்கள். வயிற்றுவலிக்காரி மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் மாவிளக்கு ஏற்றிக்கொள்கிற வழக்கம் நம் அம்மன் கோயில்களில் உண்டு. யோசித்துப் பாருங்கள்: தன் வயிற்றை, தன் வலியை, ஆண்களும் நடமாடுகிற பிராகாரத்தில் ஒரு பெண் வெட்கமில்லாமல் வெளியே வைக்கிறாள். அழகான வயிறா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வலிக்கிற வயிறு, அவ்வளவுதான்.

சமயபுரத்துக்கு நம் இரண்டு மாவட்டத்திலிருந்தும் மஞ்சள் புடவை கட்டி நடந்து போகிறோம். அங்கே மாசி, பங்குனியில் அம்மனே 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள்; சமைத்த நைவேத்தியம் கிடையாது, இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு மட்டும். நாம் இடுப்பு குறைய டயட் இருக்கிறோம். அவள் ஊர்சனத்துக்காகப் பட்டினி கிடக்கிறாள். அங்கே மொட்டை போட்ட பெண்ணைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோயில்களில் சேரும் காணிக்கை முடி ஏலத்துக்குப் போகிறது. சவுரிக்கும் விக்குக்கும் சந்தையில் நல்ல விலை. ஒருத்தி வேண்டுதலுக்கு இறக்கிய முடி இன்னொருத்தியின் பூஜடையில் ஏறி உட்கார்ந்திருக்கலாம்.

இது நம் ஊர்ப் பைத்தியம் மட்டும் இல்லை. லண்டனிலும் டொராண்டோவிலும் ஈழத்தமிழர்கள் செய்கிற சாமத்தியச் சடங்கில் பல்லக்கு, குதிரை வண்டி, அடுக்கடுக்கான கேக். புலம்பெயர்ந்த இடத்தில் 'நாங்களும் இருக்கிறோம்' என்று காட்டுகிற தவிப்பு அதில் இருப்பது எனக்குப் புரிகிறது. மாறாக, அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரிடம் 'கினால்டா' என்று ஒரு சடங்கு. நாலு நாள். விடியலில் பிள்ளை கிழக்கு நோக்கி ஓட வேண்டும், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தூரம். ஊர் மதிக்கிற ஒரு மூத்த பெண் அவளைப் படுக்கவைத்துக் கைகால்களைப் பிடித்துவிடுவாள். சோளம் அரைத்து, மண்ணில் குழி வெட்டிப் பெரிய பணியாரமாகச் சுட்டு, பிள்ளை தன் கையால் எல்லோருக்கும் கொடுப்பாள். அங்கேயும் எண்ணெய்க் கையும் களியும்தான், கூடவே ஓட்டம். நம் சடங்கில் பிள்ளையை உட்காரவைத்தோமே தவிர ஓடச் சொல்லவில்லை. மஞ்சள் நீராட்டு யாருக்கு என்பதையும் நமக்குச் சிலர் திருத்திச் சொல்லியிருக்கிறார்கள். திருநங்கைகள் 'நிர்வாணம்' எனப்படும் பால்மாற்ற அறுவை முடிந்து நாற்பதாம் நாள், மூத்தவர்கள் மஞ்சள் பூசி நீராட்ட, புதுப்புடவை கட்டிக்கொள்கிறார்கள். பெற்றவர்கள் துரத்திவிட்ட உடம்பு அது. தாய்மாமன் சீர் இல்லாமலே அந்தச் சடங்கு நடக்கிறது.

அரசாங்கத்துக்கும் சில விஷயம் புரிந்திருக்கிறது, சில புரிய நாளாகிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது குங்குமத்துக்கும் பொட்டுக்கும் கண்ணாடி வளையலுக்கும் வரி இல்லை. நாப்கினுக்கு 12 விழுக்காடு. 2018 ஜூலையில்தான் அதை எடுத்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2011இல் அறிவித்த திட்டத்தில், வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கன்வாடி வழியாக நடக்கிற சமுதாய வளைகாப்பையும் பாருங்கள். எல்லாச் சாதிக் கர்ப்பிணிகளும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள், ஐந்து வகைச் சோறு சாப்பிடுகிறார்கள், சத்துணவு பற்றி நாலு வார்த்தை கேட்கிறார்கள். கூட்டம் சேர்க்கிற அரசு விழாதான், படமும் எடுக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பழைய சடங்கிலிருந்து சாதியைக் கழற்றிவிட்டுச் சோற்றை வைத்துக்கொள்ள முடியும் என்பது அங்கே கண்முன்னால் நடக்கிறது.

அதையே மஞ்சள் நீராட்டுக்கும் செய்யலாம் என்கிறேன். குச்சு வேண்டாம், தனித்தட்டு வேண்டாம், தாலி உண்டா இல்லையா என்ற கணக்கு வேண்டாம். பேனர் கண்டிப்பாக வேண்டாம். எண்ணெய் இருக்கட்டும், களி இருக்கட்டும், கேலி இருக்கட்டும். விதவைச் சித்தி முதல் சொம்பை ஊற்றட்டும். ஊரிலுள்ள செவிலியரையும் கூப்பிடுங்கள். தூரத்துக்கு நாள் எப்படிக் கணக்குப் பார்ப்பது, நாப்கினை எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது, எங்கே போடுவது, வலித்தால் எப்போது ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று அவர் சொல்லட்டும். அத்தைமார்கள் சொல்லாமல் விட்டதை அவர் சொல்வார். அவர் சொல்லாததை அத்தைமார்கள் சொல்லட்டும்.

வீட்டுப் பெண்களை வண்டியில் கூட்டிவந்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற தாய்மாமன்களுக்கு ஒன்று. நூற்றியொரு தட்டுச் சீர் வைக்க நகையை அடகு வைப்பதற்குப் பதில், அக்கா மகளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கச் சொல்லி ஆண்டுதோறும் அதில் கட்டுங்கள். 10 வயதுக்குள் தொடங்க வேண்டும். சீர் செய்ய வேண்டிய வயது அதுதான். பன்னிரண்டு வயதில் போனால் அஞ்சலகத்தில் வாங்க மாட்டார்கள்.

தாய்மார்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். மண்டபம் பேசுவதற்கு முன்னால், பத்திரிகை அடிப்பதற்கு முன்னால், பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்: 'உனக்கு இது வேணுமா? எவ்வளவு வேணும்? யார் யாரைக் கூப்பிடலாம்?' ஆசையாக இருக்கிறது, பட்டுப்புடவை கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் கட்டிவிடுங்கள், தப்பே இல்லை. வேண்டாம் என்று சொன்னால், மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.